ஓணம் மலையாளிகளின் பொங்கலா? 50 பேருக்கு சத்யா போடுவது எப்படி?

ஆகஸ்ட் 16, 2025, காலை (கோவை வாசகர் கேட்டது)

நமக்குத் தை, அவர்களுக்கு ஆவணி. நமக்குக் கரும்பு, அவர்களுக்கு நேந்திரன் குலை. ஓணம் மலையாளிகளின் பொங்கல், அவ்வளவுதானே? இன்னொன்று, எங்கள் அலுவலகத்தில் 50 பேருக்கு ஓண சத்யா (ஓணத்து இலை விருந்து) போடப்போகிறோம். 26 வகை இல்லாவிட்டால் அது சத்யாவே இல்லை என்று ஒரு சேட்டன் அடித்துச் சொல்கிறார். பூக்களமும் (பூக்கோலம்) உண்டு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 16, இரவு

பாதி சரி. பொங்கல் சூரியக் கணக்கு, தை 1. ஓணம் நட்சத்திரக் கணக்கு. சிங்க மாதத்தில் (நம் ஆவணி) அத்தம் (அஸ்தம்) தொடங்கித் திருவோணம் வரை. அதனால் ஒரு வருஷம் ஆகஸ்ட் கடைசியில் வரும், ஒரு வருஷம் செப்டம்பர் நடுவில் வரும். 2023-ல் ஆகஸ்ட் 29, 2024-ல் செப்டம்பர் 15, இந்த வருஷம் செப்டம்பர் 5.

பெரிய வேறுபாடு அரிசியில். பொங்கலில் புத்தரிசிதான் பண்டிகை. கேரளத்தில் புது நெல்லுக்கான சடங்கு ஓணத்துக்குள் இல்லை, தனியாக இருக்கிறது: இல்லம்நிறயும் புத்தரியும். கர்க்கடகத்திலோ (ஆடி) சிங்கத்திலோ நாள் பார்த்து, முற்றிய கதிர்க்கட்டைத் தலையில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். ஆல், அரசு, மா, பலா இலைகளோடு சேர்த்து வாசல் நிலையிலும் பத்தாயத்திலும் கட்டுவார்கள். "நிற நிற பொலி பொலி, இல்லம் நிற, வல்லம் நிற, பத்தாயம் நிற" என்று கூவிக்கொண்டே வருவது வழக்கம். குருவாயூர்க் கோயிலிலும் முதலில் இல்லம்நிற, அப்புறம் திருப்புத்தரி, அதற்குப் புத்தரிப் பாயசம். பொங்கலோடு ஒப்பிடுவதென்றால் இதோடுதான் ஒப்பிட வேண்டும்.

அறுவடைப் பண்டிகை என்பதும் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. மேடத்தில் (சித்திரை) விதைத்து சிங்கம், கன்னியில் (புரட்டாசி) அறுக்கும் விரிப்புப் போகம் இருக்கிற இடங்களில் ஓணம் அறுவடையோடு ஒட்டி வரும். குட்டநாட்டில் முக்கியப் போகம் புஞ்சை (நம்ம புன்செய் நிலம் இல்லை, அங்கே கோடை நெல் போகத்துக்கு அந்தப் பெயர்). அங்கே பெரிய அறுவடை மீனத்தை (பங்குனி) ஒட்டி நடக்கும், ஓணத்துக்கு வயல்களில் பெரும்பாலும் வெள்ளம்தான் நிற்கும். அதனால்தான் அந்தப் பக்கத்தில் படகு.

26 வகைக் கதை நாளைக்கு.

ஆகஸ்ட் 17

இன்று சிங்கம் 1. கொல்லம் ஆண்டு 1201 பிறந்தாயிற்று.

எண்ணிக்கைக்கு எந்த விதியும் கிடையாது. காளன் (புளித்த தயிரில் வற்றவைத்தது), ஓலன் (தேங்காய்ப்பாலில் நீர்ப்பூசணி), எரிசேரி (தேங்காய் சேர்த்த கூட்டு), அவியல், தோரன் (தேங்காய்ப் பொரியல்), இஞ்சிப்புளி, பருப்பு, ஒரு பிரதமன் (வெல்லம், தேங்காய்ப்பால் பாயசம்). இவ்வளவு ஒழுங்காக வந்தால் சத்யா நிற்கும். 26 வகையும் 50 பேருக்கும் ஒரே அடுப்பில் என்று இறங்கினால் 20 வகை ஆறிப்போயிருக்கும், மீதி ஆறு ஒரே ருசியில் இருக்கும். வகை நிறைய வேண்டும் என்பவருக்கு ஆறன்முளைக் கோயிலின் வள்ளசத்யா (வள்ளம் என்றால் படகு) இருக்கிறது. படகுக்காரர்கள் ஒவ்வொரு பதார்த்தத்தையும் பாட்டாகப் பாடிக் கேட்டு வாங்குவார்கள், 60-ஐத் தாண்டும். அது வழிபாட்டுச் சத்யா. சேட்டனிடம் சொல்லிவிடுங்கள்.

ஆகஸ்ட் 19

"பத்து நாள் ஓணம், இந்தக் காலண்டரில் பதினொன்று காட்டுகிறதே, அச்சுப்பிழையா?" என்று நாஞ்சில் நாட்டு அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார். பிழையில்லை அக்கா. சூரிய உதயத்தில் எந்த நட்சத்திரம் நிற்கிறதோ அதுவே அன்றைய நாள். ஒரு நட்சத்திரம் 24 மணி நேரத்துக்கு மேல் நீண்டால் இரண்டு உதயத்தைப் பிடித்துக்கொள்ளலாம். இந்த முறை அத்தம் ஆகஸ்ட் 26. சித்திரை 27, 28 இரண்டு நாளும். அதனால் திருவோணம் பதினோராம் நாள். பூக்களம் போடுகிறவர்கள் சித்திரைக்கு இரண்டு முறை போட வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 20

பூக்களம். இதில்தான் அலுவலகங்கள் தடுக்கி விழும்.

பழைய முறை இப்படி: சாணி மெழுகிய முற்றம். அத்தத்தன்று சின்னதாக ஒரே வட்டம், தும்பையும் துளசியும் போதும். நாளுக்கு ஒரு வளையம் கூடும். சிவப்புப் பூ முதல் இரண்டு நாள் வைப்பதில்லை, சோதி (சுவாதி) முதல்தான் செம்பருத்தி வரும். மூலத்தன்று சதுரமாகப் போடுகிற ஊர்கள் உண்டு. உத்திராடத்தன்று ஆகப் பெரியது. தினமும் காலையில் பழையதை வாரிவிட்டுப் புதிதாக இடுவார்கள். பூ எல்லாம் மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டும்போது தானாக முளைத்துப் பூப்பவை: தும்பை, முக்குற்றி, உண்ணிப்பூ, விருட்சி, சங்குப்பூ. வடக்கே மாடாயிப்பாறை மாதிரி செம்பாறை மேடுகளில் நீலமாகப் படர்கிற காக்காப்பூ. ஒரு முக்குற்றிப் பூ சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. ஒரு வளையம் நிறைய அதைப் பறிக்கப் பிள்ளைகள் ஒரு காலைப்பொழுதைக் கொடுக்க வேண்டும். அதனால்தான் பழைய பூக்களங்கள் சிறியவை.

இப்போது போடுவது செண்டுமல்லி, வாடாமல்லி, அரளி, ரோஜா. பெரும்பகுதி தோவாளை, கோவைப் பக்கம், குண்டல்பேட்டையிலிருந்து போகிறது. வேலை முறை:

5 அடி விட்டத்துக்கு எல்லா நிறமும் சேர்த்து சுமார் 6 கிலோ முழுப்பூ வாங்குங்கள். செண்டுமல்லியில் காம்பும் பச்சைக் கிண்ணமும் போனால் நிறைய எடை குறையும், இதழ் 4 கிலோ தேறினால் நல்லது. முந்தின இரவே உதிர்க்கலாம், ஆனால் பாலித்தீன் பையில் கட்டி வைக்காதீர்கள். உள்ளே சூடேறி காலையில் பழுப்பாகிவிடும். அகலமான தாம்பாளத்தில் பரப்பி, மேலே ஈரத்துணி போதும்.

நடுவில் ஆணி, நூல், சாக்பீஸ். எல்லா வட்டமும் முதலில் வரைந்துவிட வேண்டும். உள்ளிருந்து வெளியே நிரப்பிக்கொண்டு வந்தால் போட்ட பூவை யாரும் மிதிக்க மாட்டார்கள். எல்லைக் கோட்டுக்கு வாடாமல்லி, அது நாள் முழுக்க அசையாது. ரோஜா இதழ் சில மணி நேரத்தில் சுருண்டு கறுக்கும், அதைக் கடைசியில் வையுங்கள். மல்லிகை வேண்டாம், மதியத்துக்குள் பழுப்பு. பச்சைக்குப் பொடியாக நறுக்கிய இலை. மின்விசிறியை நிறுத்தச் சொல்ல ஒரு ஆளைத் தனியாகப் போடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சாயம் போட்ட தேங்காய்த்துருவலும் கோலப்பொடியும் போட்டு அதைப் பூக்களம் என்று சொல்வது எனக்குச் சம்மதமில்லை. பூ குறைவாக இருந்தால் வட்டத்தைச் சின்னதாக்குங்கள்.

ஆகஸ்ட் 20, இரவு

"செண்டுமல்லி நம்ம ஊர்லேர்ந்து போகலைன்னா திருவனந்தபுரத்துல பூக்களமே கிடையாது, அதையும் எழுதுங்க" என்று தோவாளைக்காரர் ஒருவர். எழுதியாயிற்று அண்ணாச்சி.

ஆகஸ்ட் 22

பூக்களத்தின் நடுவில் வைக்கும் மண் உருவம் எதற்கு, எங்கே கிடைக்கும் என்று கேட்டவருக்கு:

அது திருக்காக்கரையப்பன், ஓணத்தப்பன் என்றும் சொல்வார்கள். கொச்சியை ஒட்டிய திருக்காக்கரை வாமனர் கோயிலின் தெய்வம். நம்மாழ்வார் பாடிய திருக்காட்கரை அதுதான், 108 திவ்யதேசங்களில் ஒன்று. மத்திய கேரளத்தில்தான் இந்த வழக்கம் அழுத்தமாக இருக்கிறது. எல்லா மாவட்டத்திலும் எதிர்பார்க்காதீர்கள்.

செய்வது கடினமில்லை. கல் இல்லாத வயல்மண்ணைச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து, நான்கு முகம் உள்ள கூம்பாகத் தட்ட வேண்டும். தலை கூராக வேண்டாம், தட்டையாக இருக்கட்டும். ஒரு சாண் உயரம் போதும். ஈரமாக இருக்கும்போதே உச்சியில் ஈர்க்குச்சியால் துளை போட்டுவிடுங்கள், பூ செருகுவதற்கு. காய்ந்தபின் துளைத்தால் பிளந்துவிடும். நிழலில் மூன்று நாலு நாள் காய வேண்டும். வெயிலில் வைத்தால் மேல்பரப்பு முந்திக் காய்ந்து வெடிக்கும். செம்மண் குழம்பு பூசி, அரிசிமாவைக் கரைத்துக் கையாலே கோடு வழியவிடுவார்கள். அந்தக் கோடு நேராக இருக்க வேண்டிய அவசியமில்லை.

மூன்றோ ஐந்தோ வாழையிலை மேல் வைத்து, தும்பைப் பூவால் மூடி, பூவடை நைவேத்தியம். அரிசிமாவை இலையில் பரப்பி, வெல்லம், தேங்காய், பழம் வைத்து மடித்து அவித்ததுதான் பூவடை. "ஆர்ப்போ..." என்று ஒருவர் இழுக்க, "இர்றோ இர்றோ" என்று மற்றவர்கள் முடிப்பார்கள். அலுவலகத்தில் இதைச் செய்தால் பக்கத்து மாடிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஆகஸ்ட் 24

பாயசம். சத்யாவின் பெயர் நிற்பதும் போவதும் இதில்தான், அதனால் நீளமாக.

அடைப் பிரதமன், 15 முதல் 18 பேருக்கு: அரிசி அடை (நம்ம அடைதோசை இல்லை, கடையில் காய்ந்த துண்டுகளாகக் கிடைப்பது) 250 கிராம், வெல்லம் 500 முதல் 600 கிராம், தேங்காய் 3, நெய் 4 மேசைக்கரண்டி, சுக்குப்பொடி ஒரு தேக்கரண்டி, ஏலம், பல்லுப் பல்லாய்க் கீறிய தேங்காய்க்கொத்து ஒரு கை. 50 பேருக்கு மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கடை அடையைக் கொதிநீரில் போட்டு, அடுப்பை அணைத்து, மூடி அரைமணி நேரம் விடுங்கள். கிள்ளினால் நடுவில் வெள்ளைக் குருத்து தெரியக்கூடாது. தெரிந்தால் இன்னும் கொஞ்சம் வேகவிடுங்கள். பிறகு வடித்துப் பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள், பசை போகும். இந்த இடத்தில்தான் பெரும்பாலும் கெடும்: பாதி வெந்த அடையை வெல்லத்தில் போட்டுவிட்டு "கொதிக்கிறபோது வெந்துவிடும்" என்று இருப்பார்கள். வெல்லம் ஏறிய அடை அதற்குமேல் இளகாது. இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டாலும் ரப்பர்தான்.

தேங்காய்ப்பால் மூன்று நடை. முதல் பால் தண்ணீர் அதிகம் சேர்க்காமல் ஒன்றரைக் கப், இரண்டாம் பால் 3 கப், மூன்றாம் பால் 4 கப். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி (மண் இருக்கும்), உருளியில் கொதிக்கவிட்டு, அடை போட்டு, நெய் விட்டு வரட்டுங்கள். கரண்டி இழுத்தால் அடி தெரிய வேண்டும். மூன்றாம் பால் விட்டு வற்றவிட்டு, இரண்டாம் பால் விட்டுக் குறுக்கி, சுக்கும் ஏலமும் சேர்த்து இறக்கிவிடுங்கள். முதல் பால் இறக்கிய பிறகுதான். அதைக் கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் மிதக்கும். கொத்துத் தேங்காயை நெய்யில் சிவக்க வறுத்துக் கடைசியில் கொட்டுங்கள்.

ஆறினால் கெட்டியாகும். பரிமாறும் பதத்தைவிடக் கொஞ்சம் நீர்க்க இருக்கும்போதே இறக்குங்கள்.

ஆகஸ்ட் 25

பாலடைப் பாயசம் (அடையைப் பாலில் போட்டது) இளஞ்சிவப்பாக வர ரோஸ் எசன்ஸ் விட வேண்டுமா என்று ஒரு கேள்வி. ஐயோ, வேண்டாம். பாலும் சர்க்கரையும் சிறுதீயில் மணிக்கணக்காகக் காய்ந்தால் நிறம் தானாக வரும். குறுக்குவழி: இரண்டு லிட்டர் பால், ஒரு கப் சர்க்கரை, பெரிய குக்கரில் பாதிக்கு மேல் போகாமல், ஆகச் சிறிய தீயில் 40 நிமிஷம். ஆவி தானாக அடங்கிய பிறகு திறக்க வேண்டும். அப்புறம் வெந்த அடையைப் போட்டு இன்னும் கால்மணி நேரம். திருவனந்தபுரத்தில் இதைப் போளியோடு சாப்பிடுவார்கள். போளியைப் பிய்த்துப் போட்டு மேலே பாயசம்.

ஆகஸ்ட் 26, அத்தம்

திருப்பூணித்துறையில் இன்று அத்தச்சமயம். கொச்சி மகாராஜாவின் பவனியாக இருந்தது, சமஸ்தானம் இணைந்த 1949-ல் நின்றது. 1961-ல் ஓணத்தைக் கேரள அரசு மாநில விழாவாக எடுத்தபோது மக்கள் ஊர்வலமாகத் திரும்பி வந்தது.

"அத்தம் கறுத்தால் ஓணம் வெளுக்கும்" என்பார்கள். அத்தத்தன்று மழை மூட்டம் என்றால் திருவோணம் வெயில். வானிலை நிலையம் இதற்குப் பொறுப்பேற்காது.

ஆகஸ்ட் 28

கோவை வாசகருக்கு, 50 பேர் கணக்கு. மட்டை அரிசி (கேரளச் சிவப்பரிசி) 6 கிலோ. முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேகும், பொன்னி மாதிரி நினைத்து அடுப்பில் ஏற்றாதீர்கள். பருப்பு (வறுத்த பாசிப்பருப்பு) ஒன்றரை கிலோ. அவியலுக்கு நறுக்கிய காய் 5 கிலோ, தேங்காய் 6, அதிகம் புளிக்காத தயிர் ஒரு லிட்டர், தேங்காய் எண்ணெய் 300 மில்லி. ஓலனுக்கு நீர்ப்பூசணி 4 கிலோ, பெரும்பயறு (காராமணி) அரை கிலோ. பப்படம் தலைக்கு இரண்டு, நொறுங்குவதற்கு 20 கூடுதல். தேங்காய் மொத்தம் 25-க்குக் குறையாது.

திருவோணத்துக்கு மூன்று நாள் முன்: இஞ்சிப்புளி. அரை கிலோ இஞ்சியைப் பொடிப்பொடியாக நறுக்கி எண்ணெயில் நன்றாகச் சிவக்க வறுத்து, ஆறவைத்து இடித்துக்கொள்ளுங்கள். கால் கிலோ புளிக்கரைசல், பச்சைமிளகாய், மஞ்சள், மிளகாய்த்தூள், 300 கிராம் வெல்லம், வெந்தயப்பொடி. இஞ்சியை அரைகுறையாக வறுத்தால் காரம் தொண்டையில் நிற்கும், நார் பல்லில் நிற்கும். நாள் ஆக ஆகத்தான் ருசி கூடும்.

இரண்டு நாள் முன்: குறுக்குக் காளன். சேனை முக்கால் கிலோ, நேந்திரங்காய் முக்கால் கிலோ, மிளகுத்தூள் மஞ்சளோடு வேகவைத்து, வெண்ணெய் எடுத்த நன்றாகப் புளித்த தயிர் இரண்டரை லிட்டர் ஊற்றி, பாதிக்கும் கீழாக வற்றும்வரை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொதி வரும்வரை கையை எடுத்தால் திரியும். உப்பு கடைசியில். முதலிலேயே போட்டால் வற்றும்போது உப்பு ஏறிவிடும். வற்றியபின் சீரகம், பச்சைமிளகாயோடு அரைத்த தேங்காய் (3 தேங்காய்), தாளிப்பு, வெந்தயப்பொடி. இது இரண்டு மூன்று நாள் வெளியே இருந்தாலும் கெடாது.

முந்தின நாள்: உப்பேரி (நேந்திரங்காய் வறுவல்), சர்க்கரை உப்பேரி (வெல்லம் பூசியது), காய் நறுக்கு. அன்றைக்கு: அவியல், தோரன், ஓலன், எரிசேரி, பாயசம். அவியலில் சேனையும் நேந்திரங்காயும் முதலில், முருங்கைக்காய் அடுத்து, வெள்ளரி கடைசியில். தண்ணீர் தெளித்தால் போதும், ஊற்றக்கூடாது. ஓலனில் மஞ்சள் இல்லை, கடுகு இல்லை. தேங்காய்ப்பால், கீறிய பச்சைமிளகாய், கறிவேப்பிலை, மேலே பச்சைத் தேங்காய் எண்ணெய். அங்கே கைவைத்து "கொஞ்சம் தாளிச்சுடலாமே" என்பவரைச் சமையலறைக்கு வெளியே வேறு வேலைக்கு அனுப்புங்கள்.

ஆகஸ்ட் 30

இன்று ஆலப்புழையில் நேரு டிராபி படகுப் போட்டி. அதை ஓணப் படகுப் போட்டி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. அது 1952-ல் தொடங்கியது, ஆகஸ்ட் இரண்டாம் சனி என்பதே பழைய வழக்கம். இந்த வருஷம் ஓணத்தை ஒட்டித் தள்ளி வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. ஓணத்தோடு ரத்த உறவு உள்ளது ஆறன்முளை. காட்டூரிலிருந்து சத்யாவுக்கான பொருளோடு திருவோணத் தோணி வரும், போட்டி உத்திரட்டாதியன்று. அங்கே ஓடுவது பள்ளியோடம் என்கிற நீளப் படகு, கோயிலுக்குரியது. செருப்போடு ஏற முடியாது.

செப்டம்பர் 1

"ஓணம் தமிழருடையது, மதுரைக்காஞ்சியில் இருக்கிறது!" வந்துவிட்டது, இந்த இழையில் இன்னும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "மாயோன் மேய ஓண நன்னாள்" என்ற வரி இருப்பது உண்மை. ஆனால் அங்கே வருவது பூக்களமோ சத்யாவோ அல்ல, சேரி மறவர்களின் மோதல். இன்று அதற்குக் கிட்டத்தில் நிற்பது பாலக்காட்டுப் பல்லசனையில் நடக்கும் ஓணத்தல்லுதான். விரித்த கையால் மட்டுமே அடிக்கலாம், முஷ்டியும் உதையும் கிடையாது. உடைமை வழக்கைத் தள்ளிவைத்து அந்த ஒப்பீட்டை யாராவது விரிவாக எழுதினால் படிக்க ஆசை.

செப்டம்பர் 3, பூராடம்

பரிமாறும் முறை. இலையின் நுனி சாப்பிடுபவருக்கு இடப்பக்கம், நம்மைப் போலவே. இடது ஓரத்தில் உப்பேரி, சர்க்கரை உப்பேரி, பழம், பப்படம். மேல்வரிசை இடமிருந்து ஊறுகாய், இஞ்சிப்புளி, கிச்சடி (நம்ம ரவா கிச்சடி இல்லை, தயிர்ப் பதார்த்தம்), பச்சடி, பிறகு தோரன், அவியல், ஓலன், காளன், எரிசேரி. சோறு கடைசியில். முதலில் பருப்பு, நெய், பப்படத்தை நொறுக்கிப் பிசைய வேண்டும். அப்புறம் சாம்பார். பிறகு பிரதமன் இலையிலேயே, பழத்தையும் ஒரு பப்படத்தையும் அதில் பிசைபவர்கள் உண்டு. பாயசத்துக்குப் பின்னால் மறுபடி சோறு, ரசம் அல்லது புளிசேரி (மோர்க்குழம்பு மாதிரி), மோர். இனிப்போடு முடியும் என்று எழுந்துவிடாதீர்கள். கப்பில் பாயசம் கொடுப்பதும் தப்பில்லை, 50 பேரில் 30 பேருக்கு இலையில் வழித்துச் சாப்பிட வராது.

செப்டம்பர் 4, உத்திராடம்

உத்திராடப் பாச்சில், அதாவது ஓணத்துக்கு முந்தின நாள் கடைசி நேர ஓட்டம். கடைத்தெருவில் கால் வைக்க இடமிருக்காது, காய் வாங்காதவர்கள் இனி விலை பேச முடியாது. குருவாயூரில் இன்று காழ்ச்சக்குலை. நேந்திரன் குலைகளைக் கொடிமரத்தடியில் சமர்ப்பிக்கிறார்கள். திருச்சூர்ப் பக்கத்துச் செங்காலிக்கோடன் குலைதான் அதில் ராஜா: சிவப்புக் கோடு ஓடிய பொன்னிறக் காய், சீப்பு சீப்பாய் ஒரே அளவு. அப்படி வருவதற்கு மாதக்கணக்கில் குலையை மூடிக் கட்டிக் காக்க வேண்டும்.

செப்டம்பர் 6, அவிட்டம்

"ஓணம் சைவம்தானே, கண்ணூர் நண்பர் வீட்டில் கோழிக்கறி!" சண்டை வேண்டாம். வடக்கு மலபாரில் திருவோண இலையில் மீனும் கறியும் வருவது சகஜம். அங்கே திருக்காக்கரையப்பனைவிட ஓணப்பொட்டன்தான் பெரிய ஆள். முகத்தெழுத்து, ஓலைக்குடை, கையில் மணி, வாய் திறக்கமாட்டார். மணியடித்து வீடு வீடாக வந்து அரிசி வாங்கிப் போவார். திருச்சூரில் கும்மாட்டி, உடம்பெல்லாம் புல் கட்டி மரமுகமூடி. தெற்கே பத்மநாபசுவாமிக்குச் சாத்தும் ஓணவில்லு சித்திரம் தீட்டிய பலகை. வள்ளுவநாட்டில் அதே பெயரில் தட்டி வாசிக்கும் வாத்தியம் இருக்கிறது. இரண்டையும் குழப்பிப் படம் போடுகிற பத்திரிகைகள் ஏராளம்.

செப்டம்பர் 7

திருச்சூர்ப் புலிக்களி (புலிவேட ஆட்டம்) நாலாம் ஓணம் என்றால் இன்று சதயம்தானே, ஏன் இன்று இல்லை என்று கேட்டவருக்கு: அரசு விடுமுறைக் கணக்கில் உத்திராடம் முதலாம் ஓணம், சதயம் நாலாம் ஓணம். திருச்சூர்க்காரர்கள் திருவோணத்தை ஒன்றாக வைத்து எண்ணுவார்கள். 2023-ல் ஆகஸ்ட் 29 திருவோணம், செப்டம்பர் 1 புலிக்களி. 2024-ல் 15-ம் 18-ம். கணக்குப்படி நாளைக்கு.

போகிறவர்கள் சாயங்காலம் திருச்சூர் நடுவில் இருக்கும் சுவராஜ் ரவுண்டில் கூட்டத்தோடு நின்றால் பாதிதான் பார்ப்பீர்கள். காலையிலேயே ஏதாவது ஒரு தேசத்தின் (ஊர்ப்பகுதிக் குழு) மடையில், அதாவது புலிவேடம் போடும் இடத்தில், போய் நில்லுங்கள். உடம்பு மயிர் மழித்து, டெம்பரா பொடியை வார்னிஷில் குழைத்து முதல் பூச்சு. அது காய இரண்டு மூன்று மணி நேரம் கையை விரித்துக்கொண்டு நிற்க வேண்டும், உட்காரவும் முடியாது. அதன் மேல் இரண்டாம் பூச்சில் வரியும் புள்ளியும். தொப்பை பெரிதாக இருப்பவருக்குத்தான் மரியாதை, புலிமுகம் வயிற்றில் வரைவதால் ஆடும்போது வாய் திறந்து மூடும். இரவு மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால்தான் போகும். பெயிண்ட் அடித்த புலியைக் கட்டிப்பிடித்துப் படமெடுப்பவர் பழைய சட்டை போட்டுப் போகவும்.